ஆடியில் சால்ஸ்பேர்க், மாசியில் மாத்தளை

ஐரோப்பாவின் பெரிய இசை விழாக்களுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது நாட்காட்டியைத்தான். நம்முடைய ஆனி, ஆடி, ஆவணிக்குள் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். வாக்னர் தன் இசை நாடகங்களுக்கென்றே கட்டி 1876இல் திறந்த ஜெர்மனியின் பைரொய்த் அரங்கு, 1920இல் ஒஸ்திரியாவில் தொடங்கிய சால்ஸ்பேர்க் விழா, 1895 முதல் இலண்டனில் நடந்துவரும் புரொம்ஸ், 1970இல் ஒரு பால் பண்ணையில் ஆரம்பமான கிளாஸ்டன்பரி எல்லாமே கோடை விழாக்கள். ஏன் கோடை என்று கேட்டால் வெயிலும் நீண்ட பகலும்தான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. கூரைக்குள் நடக்கும் பைரொய்த்துக்கு வெயில் எதற்கு? அங்கே வாசிக்கும் கலைஞர்கள் ஜெர்மனியின் பல இசைக்குழுக்களைச் சேர்ந்தவர்கள். தத்தம் ஊர் அரங்குகள் கோடை விடுமுறைக்குப் பூட்டப்படுவதால்தான் அவர்கள் ஒன்றுகூட முடிகிறது. சால்ஸ்பேர்க்கில் வியன்னா பில்ஹார்மோனிக் வாசிப்பதும் வியன்னாவின் ஒபெரா அரங்கு மூடியிருக்கும் மாதங்களில்தான்.   ஆக, இசை விழா என்பது ஓர் ஊர் தன் வேலையை இறக்கிவைக்கும் காலம். கடல் கடந்து போகிறவர் நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கும் காசில் பாட்டு ஒரு பங்குதான். இன்னொரு மக்கள் கூட்டம் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர்களோடு உட்காரக் கிடைப்பது மறுபங்கு. வெளிநாட்டு விழாப் பயணம் செலவுக்குத் தகுமா என்பதை இந்த இரண்டாவது பங்கை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சென்னையின் டிசம்பர் சீசனையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். மார்கழி பக்தி மாதம், ஆகவே மார்கழியில் இசை என்று விளக்கம் சொல்வது வழக்கம். ஆனால் அந்த விழாவுக்கு வித்திட்டது 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு. அதையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாகத்தான் 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் கோர்ட்டும் கல்லூரியும் கிறிஸ்மஸுக்கு மூடும். வக்கீலும் பேராசிரியரும் சபாவுக்கு வர வசதியான நாட்கள் அவை. இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மார்கழியில் தமிழர் கல்யாணம் வைப்பதில்லை. கல்யாணக் கச்சேரியை நம்பிப் பிழைத்த வித்துவான்களுக்கு அது கை சும்மா இருக்கும் மாதம். பைரொய்த்துக்கு வரும் வயலின்காரரின் ஆடி மாதமும் மயிலாப்பூர் மிருதங்கக்காரரின் மார்கழியும் ஒரே கணக்கில் வந்து நிற்கின்றன. பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பக்தி பன்னிரண்டு மாதமும் இருக்கிறது, விழா ஒரு மாதத்தில்தான் வருகிறது என்பதற்கு விளக்கம் வேண்டுமல்லவா?

இலங்கை மலையகத்தின் மாத்தளைக்கு அந்த ஓய்வு மாதம் மாசி. ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டும் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மலைச்சரிவுகள் காயத் தொடங்கும். மழை குறைந்தால் தேயிலைக் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் இரவு கண்விழிக்க முடியும். அந்த இடைவெளியில்தான் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனும் தொழிலாளர் லயங்களின் வாசலுக்கு ஆடிவந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனம் நடக்கிறது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையகத்தின் முதன்மையான கூத்துகளில் ஒன்று இந்தக் காமன் கூத்து. அதே மாசியில், மக நட்சத்திரத்தையொட்டி, நகரின் முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து ஐந்து தேர்கள் வீதிக்கு இறங்குகின்றன. நாதஸ்வரமும் தவிலும் முன்னே போகும். தப்பு என்ற கருவி இந்தக் கதையை இன்னும் துல்லியமாகச் சொல்லும். தோட்டத்தில் விடிகாலையில் அது பிரட்டுத் தப்பு: எழுந்து வா, பெயர் கொடு, மலைக்கு ஏறு என்று அடிக்கப்பட்டது. மாசி இரவில் அதே தோல், அதே கை, ஆட்டத்துக்கு அடித்தது. வேலைக்கு விரட்டிய ஓசை வேலை ஓய்ந்ததைச் சொல்லும் ஓசையாக மாறும் இந்த இடத்துக்கு ஈடான ஒன்றை ஐரோப்பிய விழாக்களில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வெளிநாட்டுக்குப் போய்ப் பாட்டுக் கேட்பது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம், மாத்தளையில் அதைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இந்த மாவட்டத்தின் தமிழர் வரலாறே இசையைச் சுமந்து கடல் கடந்த வரலாறு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி நடந்துவந்து சேர்ந்த இடம் மாத்தளை. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்களோடு கூத்தும் தப்பும் மாரியம்மன் தாலாட்டும் வந்து சேர்ந்தன. 2023இல், அந்த வருகையின் இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து ஜூலை 28 அன்று புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12 அன்று முடிந்ததும் மாத்தளையில்தான். இடையில் என்ன நடந்தது? 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவருக்குக் கடவுச்சீட்டு ஏது? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. இந்தியாவுக்கென்று பிரிக்கப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. குடும்பங்கள் பிரிந்த மேடையில் எழுந்த ஓலம் அந்தப் பெயராயிற்று. திரும்பி வரும் உரிமையோடு, ஒரு பாட்டைக் கேட்பதற்காக மட்டும் கடல் கடப்பது, இந்த மக்களுக்குத் தலைமுறைக் கணக்கில் மறுக்கப்பட்ட ஒன்று. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை தந்த சட்டம் வந்தது 2003இல். ஆடம்பரம் என்ற சொல்லை அதனால்தான் இங்கே கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. எல்லாம்தான் கைத்தொலைபேசியில் வருகிறதே, பிறகு எதற்குப் பயணம்? இசை தானாகவே கடல் தாண்டும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 1950களில் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, தமிழ்நாட்டு வீடுகள் இலங்கை வானொலியைத் திருப்பின. யாரும் கப்பலேறவில்லை. ஆனால் வானொலி கொண்டுபோனவை அளந்து வெட்டிய பாட்டுகள். எதை வெட்ட முடியாதோ அதற்காகத்தான் பயணம். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி தமிழ்நாட்டு நாதஸ்வர வித்துவான்களோடு வாசித்த ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன, கேட்டால் பிரமிக்கலாம். சுவாமி புறப்பாட்டில் தெருமுனைக்குத் தெருமுனை நின்று, அவசரமில்லாத ஒரு கூட்டத்துக்காக ராகம் விரியும் இரவு அந்தப் பதிவுகளுக்குள் இல்லை. கேட்பவருக்கு நாளைக் காலை வேலை இல்லை என்பதும் அந்த வாசிப்பின் ஒரு பகுதி. காமன் கூத்தைக் காணொளியில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு மெதுவாகப் போகிறது என்று சலித்துக்கொள்பவர்கள், விடிய விடிய நடக்க வேண்டியதைப் பத்து நிமிடமாக்கியது யார் என்று யோசிப்பதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு மனுப் போடவே 2024இலிருந்து 90 யூரோ. மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. 2022இல் நம் இலங்கை ரூபாய் விழுந்த பிறகு சால்ஸ்பேர்க்கின் முன்வரிசை இருக்கை ஒரு மாத்தளை ஆசிரியருக்கு எட்டாக்கனிதான். புரொம்ஸில் நின்றுகொண்டு கேட்கும் இடத்துக்கு ஒரு சில பவுண் போதும் என்றாலும் இலண்டனுக்குப் போய்ச் சேர வேண்டுமே. சென்னை கிட்ட இருக்கிறது. கொழும்பிலிருந்தும் பலாலியிலிருந்தும் விமானம் உண்டு, 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் தொடங்கியது. பல சபாக்களில் இளம் கலைஞர்களின் பகல் கச்சேரிக்குச் சீட்டே வேண்டாம். அங்கே போகிறவர் இரவுக் கச்சேரியின் பெரிய பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், சபா கன்ரீனில் வாழையிலை முன்னால் உட்கார்ந்து முந்தின நாள் தோடியைப் பற்றிச் சண்டை போடும் பெரியவர்களையும் கவனிப்பது நல்லது. விழா அங்கேயும்தான் நடக்கிறது.

கூத்தும் தேரும் வழிபாடு, அவற்றை இசை விழா என்று சொல்லி வெளியாரைக் கூப்பிட்டால் கெட்டுப்போகும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் பக்கத்து ஊரான கண்டியில் எசல பெரஹரா வழிபாடாகவே இருந்துகொண்டு, பல்லாயிரம் வெளிநாட்டவரையும் தாங்குகிறது. அது ஐரோப்பியரின் விடுமுறைக் காலமான ஓகஸ்டை ஒட்டி வருவதும் அதற்கு ஒரு அனுகூலம். மாசியில் ஆட்கள் வராமல் இல்லை. தங்கள் ஊர்க் குளிருக்குத் தப்பி வரும் பயணிகளின் வான்கள் கண்டியிலிருந்து தம்புள்ளைக்கும் சிகிரியாவுக்கும் மாத்தளை வழியாகத்தான் ஓடுகின்றன. வாசனைத் தோட்டத்தில் கறுவாவையும் மிளகையும் முகர அரை மணி, முத்துமாரியம்மன் கோபுரத்தைப் படம் பிடிக்கப் பத்து நிமிடம், அவ்வளவுதான் இந்த ஊருக்கு ஒதுக்கப்படும் நேரம். தோட்டத்தில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சத் தொடங்கும்போது இருட்டியிருக்கும், அந்த வான்கள் ஹபரணை விடுதிகளைப் போய்ச் சேர்ந்திருக்கும்.