உஷார்! ‘வாரண்டி இருக்கே, பார்த்துக்கலாம் சார்’

செகண்ட்ஹேண்ட் கார் வாங்கி இன்னும் ஆறு மாதம் ஆகவில்லையா? இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வண்டியில் ஒரு உதறல், ஒரு சத்தம், எரிந்து எரிந்து அணையும் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறதா? ‘அடுத்த சர்வீஸில் சொல்லிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டிருக்கிறீர்களா? இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். போனில் சொல்வது போதாது. எழுத்தில் போக வேண்டும்.

நான் போனில்தான் சொன்னேன். ஐந்து மாதம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சென்னைப் புறநகரில், கண்ணாடிச் சுவரும் காபி மெஷினுமாக ஒரு ஷோரூம். அங்கே வாங்கியது ஐந்து வயதான ஏ.எம்.டி. கார், சிங்கிள் ஓனர். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 6 மாதம் அல்லது 7,500 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அதுவரை வாரண்டி. மூன்றாவது வாரம், மதியம் இரண்டு மணி வெயிலில், கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகையில் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல வண்டி குதித்தது. விற்ற பையனுக்கு அப்போதே போன் போட்டேன். தங்கமான பையன். “ஏ.எம்.டி.ன்னா லைட்டா ஜெர்க் இருக்கத்தான் சார் செய்யும். ஓட்ட ஓட்ட செட் ஆயிடும். இல்லேன்னாலும் வாரண்டி இருக்கே, பார்த்துக்கலாம்.”

பிறகு நேரிலும் போனேன். காலை பத்து மணிக்கு, காலியான சர்வீஸ் ரோட்டில், சர்வீஸ் அட்வைசர் ஒரு ரவுண்டு ட்ரையல் அடித்துவிட்டு வந்தார். “ஒண்ணுமே இல்லையே சார்.” வண்டியைத் துடைத்துக் கொடுத்தார்கள், காபியும் கொடுத்தார்கள். காகிதம் மட்டும் ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த முறை மேனேஜர் லீவு. அதற்கடுத்த முறை ‘லோடு ஜாஸ்தி, அடுத்த வாரம் விடுங்க’. ஐந்தாவது மாதம், உதறல் தாங்காமல் போய் நின்றபோது, கவுண்டரில் புதிதாக வந்திருந்த ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டார்: “முன்னாடியே கம்ப்ளைண்ட் கொடுத்திருக்கணுமே சார்? எங்க சிஸ்டத்துல எதுவுமே இல்லையே?”

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சிஸ்டத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. நான் நாலு முறை போனதற்கு அந்தக் காபி டம்ளர்களைத் தவிர வேறு சாட்சியும் இல்லை.

வாரண்டி தர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லும் டீலரைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. அவரோடு சண்டை போடலாம். சிரித்த முகத்தோடு நாளைக் கடத்துகிறவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். நாட்காட்டியும் கிலோமீட்டர் முள்ளும் அவர் பக்கம் நின்று வேலை செய்கின்றன. நீங்கள் தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவராக இருந்தால் 7,500 என்பது ஆறு மாதம்கூட வராது.

எனவே முதல் வேலை ஜாப் கார்டு. வண்டி வாசலுக்குள் நுழைந்தாலே ஜாப் கார்டு திறக்கச் சொல்லுங்கள். திறந்தால் மட்டும் போதாது, அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்ற இரண்டு சொற்களைப் பார்த்தால் எச்சரிக்கை மணி அடிக்கட்டும். நாளைக்கு அந்தக் கார்டை எடுத்துப் பார்த்தால், ஏதோ காற்றுப் பிடிக்க வந்தவர் போலத்தான் தெரிவீர்கள். உங்கள் குறை உங்கள் வார்த்தையிலேயே இருக்க வேண்டும்: ‘நெரிசலில் 40 நிமிடம் ஓட்டி வண்டி சூடான பிறகு, 1-லிருந்து 2-க்கு மாறும்போது குதிக்கிறது.’ தேதி, கிலோமீட்டர், அட்வைசர் கையெழுத்து, ஒரு பிரதி. பிரதி தர மறுத்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலைக்குள் அதே வாசகத்தை டீலரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். விற்ற பையனின் வாட்ஸ்அப் மட்டும் போதும் என்று இருக்காதீர்கள். அந்தப் பையன்கள் மூன்று மாதத்துக்கு ஒரு ஷோரூம் மாறுகிறார்கள்.

இன்னொன்று, வந்து வந்து மறையும் கோளாறு. டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுமே, அதேதான். கோளாறு எந்த நேரத்தில், எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கிலோமீட்டரும் எச்சரிக்கை விளக்கும் படத்தில் தெரிய வேண்டும், சத்தமும் பதிவாக வேண்டும். பிறகு கோளாறு வரும் அந்த நேரத்திலேயே அட்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள் ஓட்டுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகிக் கோளாறுக் குறியீடுகளை எடுக்கச் சொல்லி, அந்தத் திரையையும் படம் எடுங்கள். அதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். பல வண்டிகளில் கழற்றி மாட்டினாலே பதிவான குறியீடுகள் அழிந்துபோகும். ஸ்கேனரில் ஒரு பட்டனைத் தட்டினாலும் அழியும். அழித்த சூட்டோடு விளக்கும் அணையும், ‘சரியாயிடுச்சு சார்’ என்று சாவி உங்கள் கைக்கு வரும். நூறு, இருநூறு கிலோமீட்டரில் விளக்கு திரும்ப எரியும்போது நீங்கள் திண்டிவனம் தாண்டி இருப்பீர்கள்.

சரி, கோளாறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அத்தோடு முடிந்ததா? எனக்கு அடுத்த பாடம் அங்கேதான் தொடங்கியது. ஏ.எம்.டி. என்பது தனி ரகப் பெட்டி ஒன்றும் அல்ல. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் என்ற ஒரு பாகம் செய்கிறது. 2014-ல் மாருதி செலரியோ வழியாக நம் ஊர்ச் சாலைகளில் பரவலான ஏற்பாடு இது. விலை குறைவு, மைலேஜ் குறையாது, அதனால் செகண்ட்ஹேண்ட் சந்தையிலும் கிராக்கி. என் வாரண்டித் தாளில் ‘கியர்பாக்ஸ்’ என்று இருந்தது. “ஆக்சுவேட்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே உட்கார்ந்திருக்கு சார், அது வராது” என்றார்கள். வெளியே உட்கார்ந்திருப்பது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது ஒரு கியர்கூட மாறாதே என்றேன். அடுத்த நாள் கதை மாறியது: “ஆக்சுவேட்டர் நல்லா இருக்கு சார், கிளட்ச் தேய்ஞ்சிருக்கு.” தேய்மானப் பொருளுக்கு வாரண்டி கிடையாது. கிளட்ச், பிரேக் பேடு, சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, டயர், ரப்பர் சமாச்சாரம் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வரும். சங்கடம் என்னவென்றால், கிளட்ச் தேய்ந்தாலும் வண்டி குதிக்கும், ஆக்சுவேட்டர் கெட்டாலும் குதிக்கும். எதைக் காரணம் சொல்வது என்பதைப் பணம் கட்டப்போகிறவரே முடிவு செய்தால் எது தேறும்? ஸ்கேன் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். ‘கிளட்ச்தான்’ என்றால் எந்த அளவை வைத்துச் சொல்கிறார்கள் என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கேட்ட பிறகு நான்கு நாள் மௌனம்.

அந்த நான்கு நாளில் ஒரு தப்பு செய்ய இருந்தேன். தெருமுனையில் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கமான மெக்கானிக் பாய் இருக்கிறார். கழற்றிப் பார்த்துவிடுங்கள் என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் பானட்டைத் தூக்கிப் பார்த்தார், கைகூட வைக்கவில்லை. “நான் ஒரு போல்ட்டைத் தொட்டாலும் ‘வெளியாள் கை வெச்சுட்டான்’னு உங்க கணக்கை முடிச்சிடுவாங்க. எடுத்துட்டுப் போங்க சார்.” வருமானத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். டீலர் வேறொரு வாரண்டி நிறுவனத்திடம் பணம் கட்டி ஒப்பந்தம் வாங்கித் தந்திருந்தால் இன்னும் கவனம். அவர்களில் பலர் முன் அனுமதி இல்லாமல் பிரித்த வண்டிக்குப் பைசா தருவதில்லை, தந்தாலும் உச்சவரம்பு உண்டு. உங்கள் வாரண்டியைக் கொடுத்திருப்பது யார் என்று தாளின் அடியில் இருக்கும் பொடி எழுத்தில் பாருங்கள்.

கூடவே, அந்த பிராண்டின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து விசாரியுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த வாரண்டி மிச்சம் இருக்கலாம். அந்தப் பாகத்துக்குத் திரும்ப அழைப்பு ஏதும் வந்திருந்தால், இரண்டாவது ஓனர் என்பதெல்லாம் கணக்கில்லை, இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்களா? அப்படியானால் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். ‘ஓனர் நம்பருக்கே ஜிபே பண்ணிடுங்க சார்’ என்றால் எழுந்துவிடுங்கள். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் இருப்பது பழைய ஓனர் பெயரும் உங்கள் பெயரும்தான். நாளைக்கு ‘நாங்க வெறும் கமிஷன், ஓனரைக் கேளுங்க’ என்று டீலர் கைகழுவினால், அவர் நடுவில் இருந்தார் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? டீலர் பெயரில் பில், டீலர் கணக்குக்குப் பணம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அது 5 ஆண்டு செல்லும். காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

டெலிவரி அன்று நீட்டும் கட்டுத் தாளில் ‘வாகனத்தை முழுமையாகப் பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி இருக்கும். மாலை போட்டு, கேக் வெட்டி, குடும்பத்தோடு போட்டோ எடுக்கும் பரபரப்பில் அதை யார் படிக்கிறார்கள்? 1930-ம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாங்கியவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அது பொருந்தாது என்றும் சொல்கிறது. அந்த ஒரு வரி எதற்கு என்று இப்போது புரிகிறதா? ‘ட்ரையல் 3 கிலோமீட்டர் மட்டுமே, சூடான நிலையில் ஓட்டவில்லை’ என்று கையால் சேர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், கூப்பிட்டுப் பதிவு செய்தால் டீலருக்குத் தகவல் போகும். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் வருடச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. கோளாறு தொடங்கியதிலிருந்து 2 ஆண்டு அவகாசம். வாரண்டி முடிந்துவிட்டதே என்று சோர வேண்டாம்: காலத்துக்குள் நீங்கள் புகார் கொடுத்ததற்குக் காகிதம் இருந்தால் வழக்குக்கு உயிர் இருக்கிறது.

என் விஷயத்தில் ஆணையம் வரை போகவில்லை. போன தேதிகள், பேசிய நேரங்கள், என் போனில் இருந்த அழைப்புப் பட்டியல், வீடியோ எல்லாவற்றையும் கோத்து இரண்டு பக்கக் கடிதமாக ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். வாரண்டி முடிய ஒன்பது நாள் பாக்கி. மூன்றாம் நாள் வண்டியைக் கேட்டு போன் வந்தது. ஆக்சுவேட்டரை மாற்றினார்கள். சாவி கொடுக்கும்போது ஒரு தாளை நீட்டினார்கள்: ‘குறை நிவர்த்தியானது. இனி இது தொடர்பாக எந்தக் கோரிக்கையும் இல்லை.’ இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, கிலோமீட்டரை எழுதி, ‘சூடான பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டியுள்ளது’ என்று சேர்த்துக் கையெழுத்திட்டேன். அட்வைசர் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து ஒரு ஜெராக்ஸோடு வந்தார். இந்த முறை காபி வரவில்லை. அந்த ஜெராக்ஸ் ஆர்.சி. புக்கோடு டேஷ்போர்டில் இருக்கிறது.