குழந்தையின் எலும்பும் பாஸ்பேட்டும்

நடை பழகிய குழந்தையின் கால்கள் வில்லைப்போல் வளைந்தால், சுண்ணாம்புச் சத்தோ வைட்டமின் 'டி'யோ போதவில்லை என்று கருதுவது வழக்கம். நம் நாட்டில் பெரும்பாலும் இது சரியே. ஆனால் அவற்றைக் கொடுத்தும் குணமடையாத குழந்தைகள் சிலர், பெங்களூர் போன்ற நகரங்களின் மருத்துவமனைகளுக்கு வந்து சேர்கின்றனர். அவர்களிடம் குறைந்திருப்பது பாஸ்பேட்டாக இருக்கக்கூடும்.

உடலிலுள்ள பாஸ்பரஸில் சுமார் 85 சதவிகிதம் எலும்பிலும் பற்களிலும் கால்சியத்துடன் இணைந்துள்ளது. கை, கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே தோன்றுகின்றன. அவற்றின் முனைகளை அடுத்துள்ள வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்புச் செல்கள் பெருகிப் பருத்து அழிகின்றன. அவ்விடத்தில் எலும்பு அமைகிறது. எலும்பை உறுதியாக்கும் கனிமப் படிவுக்குப் பாஸ்பேட் இன்றியமையாதது. பருத்த செல்களை உரிய காலத்தில் அழியத் தூண்டுவதும் அதுவே. பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதி எலும்பில் உள்ளது என்பதை 1923-இல் லண்டனில் ராபர்ட் ராபிசன் விளக்கினார். பாஸ்பேட் குறைந்தால் செல்கள் அழியாமல் தேங்குகின்றன, தட்டு தடிக்கிறது, உறுதிபெறாத எலும்பு உடற்பாரத்தால் வளைகிறது. இதுவே ரிக்கெட்ஸ்.

தானியங்களிலும் பாலிலும் பாஸ்பேட் மிகுதி. ஆதலால் உணவுக் குறைவால் இந்நிலை ஏற்படுவது அரிது. சிறுநீரகம் பாஸ்பேட்டை வீணாக வெளியேற்றும் பரம்பரை நோயே முக்கிய காரணமாகும். சுமார் 20,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு இது வருகிறது. இதற்குரிய ஜீன் 1995-இல் கண்டறியப்பட்டது. நோயுள்ள தந்தையிடமிருந்து இது எல்லாப் பெண்மக்களுக்கும் செல்லும், ஆண்மக்களுக்குச் செல்லாது. தாய்க்கு நோயிருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இரத்தத்தில் பாஸ்பேட்டை அளப்பது எளிய சோதனையே. ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. பெரியவர்களுக்கு 100 மில்லிலிட்டரில் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இயல்பு. சிறு குழந்தைகளுக்கு இதைவிட மிகுதியாக இருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு 3 மில்லிகிராம் என்பது குறைவே. பெரியவர்களுக்குரிய அளவைக்கொண்டு பார்த்தால் நோய் தப்பிவிடும். மீண்டும் வைட்டமின் 'டி'யே தரப்படும். வளரும் ஆண்டுகள் வீணாகும்.

பாஸ்பேட்டை நாள்தோறும் பல வேளைகளாகப் பகிர்ந்தளித்து, செயலூக்கம் பெற்ற வைட்டமின் 'டி'யையும் கொடுப்பது நெடுநாளைய சிகிச்சை. 2018 முதல் சில நாடுகளில் ஊசி மருந்தும் வழக்கில் உள்ளது. 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ், பெங்களூரின் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தை நல நிலையமும் இணைந்து சிறப்பு மையமாக இயங்குகின்றன. ஆனால் குழந்தை அங்குச் சென்று சேர்வது, முதலில் பார்க்கும் ஊர் மருத்துவமனை பாஸ்பேட்டை அளந்து, வயதுக்கேற்ப மதிப்பிடுவதைப் பொறுத்தது.