‘எப்பவாவதுதான் டாக்டர்!’ - நோயாளியின் குடிப்பழக்கத்தைக் கண்டறிய மருத்துவ மாணவர்கள் பழகுவது எப்படி?

மருத்துவ மாணவர்கள் எழுதும் கேஸ் ஷீட்டுகளில் அடிக்கடி தென்படும் ஒரு வரி உண்டு: ‘அக்கேஷனல் ஆல்கஹாலிக்’. அதாவது, எப்போதாவது குடிப்பவர். வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது என்ற மூன்று விவரங்களும் அந்த வரியில் இருக்காது. “குடிப்பீங்களா?” என்று மாணவர் கேட்டிருப்பார். “எப்பவாவதுதான் டாக்டர்” என்று நோயாளி சொல்லியிருப்பார். அத்தோடு பேச்சு முடிந்திருக்கும்.

விடுபட்ட அந்த விவரங்களால் சில நேரம் உயிருக்கே ஆபத்து வரலாம். சரியாகக் கேட்பது ஒரு மருத்துவத் திறன். ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத் துடிப்பைக் கேட்கப் பழகுவதுபோல இதையும் பழகித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் என்ன நடக்கும்?

தினமும் குடிக்கும் ஒருவர் கால் எலும்பு முறிந்து வார்டில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடியைப் பற்றி யாரும் விவரமாகக் கேட்கவில்லை. மருத்துவமனையில் மது கிடைக்காது. 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்ற தீவிர நிலை ஏற்படும். நேரம், இடம் புரியாது. இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகத் தோன்றும். ட்ரிப்ஸைப் பிடுங்கிப் போடுவார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

சேர்த்த அன்றே கேட்டுத் தெரிந்திருந்தால் இதைப் பெரும்பாலும் தடுக்க முடியும். டயஸிபாம், லோராஸிபாம், குளோர்டயஸிபாக்ஸைடு போன்ற மருந்துகளும் தயாமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் அதற்கு உதவும். தயாமின் குறைபாட்டைக் கவனிக்காமல் விட்டால், ‘வெர்னிக்கே’ என்ற மூளைப் பாதிப்பு வந்து, நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

நல்ல எண்ணத்தில் சொல்லும் அறிவுரையும் ஆபத்தாகலாம். தினமும் அதிகமாகக் குடிப்பவரிடம் “இன்னைக்கே நிறுத்திடுங்க” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால், வலிப்பு வீட்டில் வரும். யாரை உடனே நிறுத்தச் சொல்லலாம், யாருக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்று பிரித்தறிவதற்கும் அளவு தெரிந்தாக வேண்டும்.

‘ஒரு குவார்ட்டர்தான்’ என்றால் எவ்வளவு?

மருத்துவக் கணக்கில் ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். இது உலக சுகாதார நிறுவனத்தின் வினாப்பட்டியலில் உள்ள அளவு. ஆனால், தமிழ்நாட்டு நோயாளி கிராமில் பேச மாட்டார். கட்டிங், குவார்ட்டர், ஆஃப் என்றுதான் சொல்வார்.

பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் வழக்கமாக 42.8% ஆல்கஹால் இருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 61 கிராம். அதாவது 6 ஸ்டாண்டர்ட் டிரிங்க். குவார்ட்டரை இருவர் பங்கிடும் ‘கட்டிங்’கே ஒருவருக்கு 3 ஆகிவிடும். 8% உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் சுமார் 4. “வெறும் பீர்தான் சார்” என்பதை அப்படியே எழுதிக்கொள்ள முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

கேள்விகள் என்னென்ன?

மாணவர்கள் முதலில் கற்பது ‘கேஜ்’ என்ற நான்கு கேள்விகள். அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் யூயிங் உருவாக்கிய இந்த முறை பற்றிய கட்டுரை 1984-ல் வெளியானது. பேச்சுத் தமிழில் அவற்றை இப்படிக் கேட்கலாம்:

• குடியைக் குறைக்கணும்னு எப்பவாவது நினைச்சிருக்கீங்களா?
• நீங்க குடிக்கிறதை மத்தவங்க குறை சொல்லி, அதனால எரிச்சல் ஆகியிருக்கீங்களா?
• குடிக்கிறதை நினைச்சு மனசு உறுத்தியிருக்கா?
• கை நடுக்கம் நிக்கணும்னோ, முந்தின நாள் போதை தெளியணும்னோ காலையில எழுந்ததும் குடிச்சிருக்கீங்களா?

இரண்டுக்கு ‘ஆமா’ என்று பதில் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது இதன் வசதி. குடிக்கு அடிமையாகாமல், ஆனால் ஆபத்தான அளவில் குடிப்பவர்களை இது தவறவிட்டுவிடலாம் என்பது இதன் குறை.

அந்தக் குறையை ஈடுசெய்வது உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’. 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. முதல் மூன்று கேள்விகள் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, ஒரே தடவையில் 6 டிரிங்க் அல்லது அதற்கு மேல் குடிப்பது எத்தனை முறை என்பவை.

‘எப்பவாவதுதான்’ என்றவரை இதில் பொருத்திப் பாருங்கள். வாரத்துக்கு 2 நாள், ஒவ்வொரு முறையும் ஒரு குவார்ட்டர். முதல் கேள்விக்கு 3, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 3. மூன்றே கேள்வியில் 8 வந்துவிட்டது. மீதி ஏழு கேள்விகளை இன்னும் கேட்கவே இல்லை.

நோயாளி சொல்லாவிட்டால்?

உடம்பும் ரிப்போர்ட்டும் கொஞ்சம் சொல்லும். காரணம் தெரியாமல் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அடிக்கடி வரும் வயிற்றெரிச்சல், திரும்பத் திரும்பக் கீழே விழுவது, காலை நேரக் கை நடுக்கம், சிவந்த உள்ளங்கை போன்றவை சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பது, எஸ்.ஜி.பி.டி.யைப் போல எஸ்.ஜி.ஓ.டி. இரு மடங்குக்கு மேல் இருப்பது, ஜி.ஜி.டி. உயர்ந்திருப்பது ஆகியவையும் தடயங்கள். ஆனால், இவை எல்லாமே வேறு காரணங்களாலும் வரலாம். ஆரம்ப நிலையில் ரிப்போர்ட் முழுக்க நார்மலாகவும் இருக்கலாம். அதனால் கேள்விக்கு மாற்று இல்லை.

யாரிடம் கேட்பது என்பதிலும் தவறு நடக்கிறது. கசங்கிய சட்டை, மது வாடையோடு வருபவரிடம் கேட்பார்கள். நன்றாக உடுத்தி வரும் அதிகாரியிடமும் பெண்களிடமும் கேட்கத் தயங்குவார்கள். இந்தியாவில் குடிக்கும் பெண்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் அவமானத்துக்கு அஞ்சி மறைப்பதும் அவர்களிடம் அதிகம். எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்பதே இதற்கு வழி. உணவு, தூக்கம், புகையிலை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, அதே தொனியில் மதுவைப் பற்றியும் கேட்கலாம். கூட வந்த மனைவி, மாமனார் முன்னால் கேட்டால் உண்மை வராது. தனியாகக் கேட்க வேண்டும்.

வகுப்பில் எப்படிக் கற்றுத் தருவது?

2019-ல் அறிமுகமான திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், மது, போதைப்பொருள் பாதிப்பின் அறிகுறிகளைக் கேட்டறிந்து பதிவு செய்வது மாணவர் பெற வேண்டிய திறன்களில் ஒன்றாக இருக்கிறது. ஆனால், மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வு இல்லை. அது பொது மருத்துவத்தின் ஒரு பகுதி. ஹவுஸ் சர்ஜன் காலத்திலும் மனநலப் பிரிவுக்கு 2 வாரம்தான். குடியால் பாதிக்கப்பட்டவர்களோ எலும்பு முறிவு, கல்லீரல், கணையம், விபத்து என்று எல்லா வார்டுகளிலும் இருக்கிறார்கள். எனவே இதைக் கற்பிக்கும் பொறுப்பு எல்லாத் துறைகளுக்கும் உண்டு.

புத்தகத்தில் படித்தால் கேள்விகள் மனப்பாடமாகும், கேட்கும் பக்குவம் வராது. அதற்குத்தான் ரோல் பிளே. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிப்பார். முதலில் மழுப்புவார், கோபப்படுவார், “நீங்க குடிக்க மாட்டீங்களா டாக்டர்?” என்று திருப்பிக் கேட்பார். மாணவர் பதறாமல் சமாளிக்கப் பழக வேண்டும்.

“லிவர் போயிடும், தெரியாதா?” என்று அதட்டினால் நோயாளி வாயை மூடிக்கொள்வார். “வயித்து வலிக்கும் குடிக்கும் சம்பந்தம் இருக்கும்போல. அதைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?” என்றால் பேச இடம் கிடைக்கும். இப்படி நோயாளியின் வாயாலேயே மாற்றத்துக்கான காரணத்தை வரவழைப்பது வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் ஆகியோர் வளர்த்தெடுத்த உரையாடல் முறை.

பேசினால் மட்டும் மாறிவிடுவார்களா?

எல்லோரும் மாற மாட்டார்கள். ஆனால், கணிசமானவர்கள் மாறுகிறார்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ‘ஆடிட்’டில் 12 முதல் 19 மதிப்பெண் பெற்ற ஆண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அதிகபட்சம் 4 அமர்வுகள் பேசினார்கள். 3 மாதம் கழித்து, மதிப்பெண் 8-க்குக் கீழே இறங்கியவர்கள் அந்தக் குழுவில் 36%. ஆலோசனை பெறாத குழுவில் 26%.

தேவை எவ்வளவு பெரியது என்பதை எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் 2019-ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. நாட்டில் 5.7 கோடிப் பேருக்கு மேல் குடிசார்ந்த பிரச்சினைக்கு உதவி தேவைப்படுகிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேரும் காய்ச்சல், சுகர், அடிபட்ட காயம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு டாக்டரைப் பார்க்கத்தான் செய்வார்கள். அங்கே மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் இன்றைய மருத்துவ மாணவராக இருக்கலாம். அவர் கேஸ் ஷீட்டில் ‘எப்போதாவது’ என்று எழுதிவிட்டுப் போகிறாரா, “வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு?” என்று இன்னொரு நிமிடம் கேட்கிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

*(குடிப்பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்பட்டால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையும், மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ 14416 எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். தினமும் குடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்த வேண்டாம்.)*