உங்களுக்குத் தெரியுமா? கடற்கரையில் கிடைத்த தேற்றம்

இடவியலின் மாபெரும் தேற்றங்களுள் ஒன்று, அமெரிக்க அரசின் உதவித்தொகையில், ரியோ டி ஜெனீரோ கடற்கரையில் உருவானது!

• 1960. அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் ஸ்மேல் காலையில் பேனாவும் தாளுமாகக் கடற்கரைக்குப் போவார். யோசிப்பார், எழுதுவார், இடையிடையே நீந்துவார். பிற்பகலில்தான் கணித நிறுவனம்.

• ஐந்தும் அதற்கு மேற்பட்டதுமான பரிமாணங்களில் கோளத்தை இனங்காண்பது பற்றிய புவன்காரே அனுமானத்தை நிறுவும் வழி அங்கே பிடிபட்டது. 1966இல் ஃபீல்ட்ஸ் பதக்கம்.

• ரியோ கடற்கரையில் கணிதம் செய்ய மக்கள் வரிப்பணமா என்ற தொனியில் 1968இல் சாடினார், அதிபர் ஜான்சனின் அறிவியல் ஆலோசகர் டொனால்ட் ஹார்னிக். நியாயமற்ற சாடல். கேயாஸ் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட ஸ்மேலின் 'குதிரை லாடம்' என்ற கணித மாதிரி உதித்ததும் அதே கடற்கரையில்தான்.