உள்ளங்காலில் ஒரு சக்கரம்

"காலை நல்லா கழுவித் துடைச்சிட்டு வந்தியாம்மா?" கதவைத் திறந்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். காபி எல்லாம் அப்புறம்.

சித்தப்பா விரல்ரேகை நிபுணராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த வேலைக்குப் புதிதாக வந்த மூன்று பேர் ஞாயிறுதோறும் அவர் வீட்டு மாடியில் கூடுகிறார்கள். கைரேகையில் ஓரளவு தேறியவர்கள். இந்த மாதம் அவர்களுக்குப் பாடம், கால். வெறுங்கால் தரையில் விட்டுப்போகும் ரேகையை எப்படி எடுப்பது, எப்படிப் படிப்பது, யாருடையது என்று எப்படி ஒப்பிடுவது. நானும் வந்து பார்க்கிறேன் என்று ஒரு மாதமாக நச்சரித்ததற்குப் பலன் இந்த ஞாயிறு. முந்தைய ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மாடியில் தரையெல்லாம் வெள்ளைத் தாள். கண்ணாடிப் பலகையில் கறுப்பு மை, பக்கத்தில் ரப்பர் உருளை. சுவரில் கதவு உயரத்துக்கு ஒரு படம். ஏதோ மலைப்பிரதேசத்தின் வரைபடம் என்றுதான் நினைத்தேன். வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், மேலே ஒரு பெரிய சுழல், கீழே படிக்கட்டு வயல் மாதிரி குறுக்கு வரிகள். கிட்டே போய்ப் பார்த்தால் உள்ளங்கால்! ஒரே ஒரு மனுஷரின் ஒரே ஒரு உள்ளங்கால்.

சின்ன வயதில் கைவிரல்களைப் பார்த்துச் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணியிருப்போம் இல்லையா? அதே சங்கும் சக்கரமும் காலிலும் இருக்கின்றன. கால்விரல் பத்திலும் இருக்கின்றன. பெருவிரலுக்குக் கீழே மெத்தென்று ஒரு மேடு இருக்கிறதே, அங்கே இன்னும் பெரிதாக இருக்கின்றன. இத்தனை வருஷம் அதன்மேல் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன், ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

இந்தக் கோடுகள் நாம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. கருவின் கையிலும் காலிலும் முதலில் சின்னச் சின்ன மேடுகள் உப்பி எழும், பிறகு மெல்ல அமுங்கும். அமுங்கும் அந்த நேரத்தில்தான், ஏறக்குறைய 10-ஆம் வாரத்தையொட்டி, ரேகை ஓடத் தொடங்குகிறது. கை முந்திக்கொள்ளும், கால் கொஞ்சம் பிந்தி வரும். மேடு உயரமாக இருக்கும்போது ரேகை ஓடினால் சக்கரம் விழும். தட்டையாகிவிட்ட பிறகு ஓடினால் வெறும் வில் வளைவு. 6-ஆம் மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்கப்புறம் கால் எத்தனை பெரிதானாலும் கோடுகளின் வரிசை மாறுவதில்லை, கோலம் அப்படியே விரிந்து பெரிதாகிறது, அவ்வளவுதான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்குக்கூட நுணுக்கத்தில் வேறுபடும்.

"உன் காலைக் கொடு" என்றார் சித்தப்பா. மை உருளை உள்ளங்காலில் ஓடியதும் நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. பயிற்சிக்கு வந்த மூவரும் சிரிக்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது ஒரு சோதனை. காலைச் சும்மா தாளில் வைத்து எடுத்தால் பாதிதான் விழும். உள்வளைவு தரையைத் தொடாது. விரல் நுனிகள் பட்டாணி மாதிரி தனித்தனியாக விழும், விரலின் தண்டு விழவே விழாது. திருடன் சுவரேறிக் குதித்தபோது காலின் எந்த ஓரம் தரையில் பட்டதோ, அந்த ஓரம் நம் தாளில் இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? அதனால் குதிகாலை முதலில் ஊன்றச் சொல்லி, மெல்ல முன்னால் சாய்த்து விரல் நுனி வரை உருட்டி எடுத்தார்கள். உள் ஓரம் தனியாக, வெளி ஓரம் தனியாக, ஒவ்வொரு விரலும் தனியாக. ஒரு காலுக்கே அரை டஜன் தாள் ஆகிவிட்டது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். சித்தப்பா ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக வெட்டிய ரேகைத் துண்டுகள். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. "இது காலில் எந்த இடம்? விரல் எந்தப் பக்கம்? சொல்லுங்க."

பொருத்துவதற்கு முன்னால் இந்த வித்தை வேண்டும். தடயம் கிடைக்கும்போது முழுக்கால் கிடைப்பது அபூர்வம், துண்டுதான் கிடைக்கும். அது காலின் எந்தத் தெரு என்று தெரியாமல் தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். விரலடி மேட்டில் சுழல்கள் இருக்கும், மூன்று ஓட்டங்கள் வந்து சந்திக்கும் முக்கோணங்கள் இருக்கும். உள்வளைவில் கோடுகள் பெரும்பாலும் குறுக்காக ஓடும். குதிகாலிலும் குறுக்குதான், ஆனால் பித்தவெடிப்பு இருந்தால் வெள்ளைக் கீறல்கள் கோடுகளை வெட்டிக்கொண்டு போகும். ஒரு பெண் துண்டை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், குதிகால். வெளி ஓரம்" என்றார். சரி! நான் கைதட்டிவிட்டேன்.

இடம் தெரிந்த பிறகு லென்ஸ், ஊசிமுனை. ஒரு கோடு எங்கே சட்டென்று நிற்கிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, இரண்டு பிரிவுகளுக்கு நடுவே எத்தனை கோடு. கோடுகளின் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் உடம்பின் முழு எடையும் ஏறியதால் தோல் அகன்று, வழுக்கி, இழுபட்டிருக்கும். அந்த இழுபடலைக் கண்ணால் நேர்செய்து படிக்கத் தெரிய வேண்டும்.

சித்தப்பா குரல் கண்டிப்பானது ஒரே ஒரு இடத்தில்தான். தடயத்தைத் தனியாக முதலில் படி, கண்டதைக் குறித்து வை, அதற்கப்புறம்தான் ஆளின் பதிவைத் திற. மாற்றிச் செய்தால், தெரிந்த பதிவில் இருப்பதையெல்லாம் கண் தடயத்திலும் கண்டுபிடித்துவிடும். 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த விரல்ரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓரிகானைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞருடையது என்று சொல்லி, அவரைப் பிடித்தும் வைத்தது. ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் காட்டிய பிறகுதான் தவறு வெளிவந்தது. "அங்கே பார்த்தவங்க எல்லாம் கைதேர்ந்தவங்க" என்றார் சித்தப்பா. 'சொல்ல முடியாது' என்று எழுதுவதற்கும் அவர் முழு மதிப்பெண் தருகிறார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அந்த நிமிஷத்தில் இரண்டு மடங்கானது.

நம் சட்டத்துக்குக் காலடி புதிதல்ல. 1920-ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்திலேயே கால்தடப் பதிவு இருந்தது, 2022-இல் வந்த புதிய சட்டத்திலும் உண்டு. ஆனால் காலடியை வைத்து ஆளை அடையாளம் காணும் கலை இன்னும் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது, அதை அதிகம் நம்ப முடியாது என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதத்தின் நீள அகலத்தை மட்டும் பார்த்துச் சொல்வது வேறு, ரேகையைக் கோடு கோடாகப் படிப்பது வேறு என்பதை இந்த மூவரும் நாளைக்குக் கூண்டில் நின்று விளக்க வேண்டியிருக்கும்.

டீ வந்தபோது சித்தப்பா இன்னொன்று சொன்னார். அமெரிக்க விமானப்படை தன் விமானிகளின் பாதரேகையைப் பதிந்து வைத்த காலம் உண்டாம். விமானம் எரிந்து விழுந்தாலும் பூட்ஸுக்குள் இருக்கும் கால் தப்பிவிடும் என்பதால். டீ கையில் ஆறிப்போனது எனக்குத் தெரியவில்லை.

இரவு வீடு திரும்பினேன். அம்மா பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து போனார். கறுப்பு கிரானைட் தரை. நான் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தேன். வந்துவிட்டது! ஐந்து பட்டாணி, இரண்டாவது விரலுக்கு அடியில் மெட்டி தேய்ந்த சின்ன மழுங்கல், உள்வளைவு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. குதிகாலில் அந்தக் கீறல்கள். பெருவிரலுக்குக் கீழே, எண்ணெயில் பளபளவென்று, சுற்றிச் சுற்றி ஒரு முழுச் சக்கரம்.

"என்னடி தரையில படுத்துக்கிட்டு?"

"அம்மா, அசையாதம்மா. இன்னொரு காலையும் இங்க வை."