பனியாற்றின் எதிரே ஒரு ஊர்: பிளாட்டன், அன்றும் இன்றும்

பிளாட்டன் ஊரில் அந்தக் காலத்தில் தானியக் களஞ்சியத்தைத் தரையோடு சேர்த்துக் கட்டமாட்டார்கள். குட்டையான மரக்கால்களை நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான தட்டைக் கல் ஒன்றை வைத்து, அதற்கு மேலேதான் அறையை எழுப்புவார்கள். காலைப் பற்றி ஏறிவரும் எலி, கல்லின் அடிப்பக்கத்தில் பிடி கிடைக்காமல் திரும்பிவிடும். சுவர் முழுக்க லார்ச் மரக் கட்டைகள். மூலைகளில் வாய் வெட்டி ஒன்றோடொன்று பூட்டியிருப்பார்கள். மலை வெயில் பட்டுப் பட்டு அந்த மரம் ஆண்டுக்கு ஆண்டு கருத்துக்கொண்டே போகும். ஊரின் மையத்தில் இப்படிப்பட்ட களஞ்சியங்களும் வீடுகளும் தொழுவங்களும் தோளோடு தோள் உரசி நின்றன. 2025 மே 28 அன்று அவற்றில் பெரும்பாலானவை மண்ணுக்குள் போய்விட்டன.

சுவிட்சர்லாந்தின் தெற்கே, ரோன் ஆறு ஓடும் வாலே மாநிலத்தில் லோட்ஷென்டால் என்றொரு பக்கப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் அடியில் லோன்சா ஆறு ஓடுகிறது. ஃபெர்டன், கிப்பல், வீலர், பிளாட்டன் என்று நான்கு ஊர்கள். கடைசியில், அதாவது ஆற்றின் தலைமாட்டை ஒட்டி, சுமார் 1,540 மீட்டர் உயரத்தில் இருந்தது பிளாட்டன். மக்கள்தொகை 300 அளவில். எதிரே, தெற்கில், 3,934 மீட்டர் உயரமுள்ள பீட்ஷ்ஹார்ன் சிகரமும், அதன் பக்கத்தில் சிறிய நெஸ்ட்ஹார்னும், அவற்றின் மடியில் பிர்ச் பனியாறும். அந்த ஊர்க்காரர் ஒவ்வொரு நாளும் கண் விழித்துப் பார்த்தது அந்த மலையைத்தான்.

இங்கே வீடு கட்டுவதற்கு மேலே பார்க்க வேண்டும். எந்தச் சரிவில் பனி சரிந்து வரும், எந்த ஓடை வழியாகக் கல் உருளும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத்தான் ஊரின் இடம் முடிவாகியிருக்கிறது. வீடுகள் நெருக்கியடித்து நின்றதற்கு இதுவே காரணம்: பத்திரமான நிலம் கொஞ்சம்தான், அதை வீணாக்க முடியாது. 15ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே ஊரின் பெயர் இருக்கிறது என்றால், அந்தக் கணிப்பு எத்தனை நூற்றாண்டுகள் பலித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்கின் வாய்ப்புறம் குறுகலான மலையிடுக்கு. குளிர்காலத்தில் அதன் வழியே பனிச்சரிவுகள் இறங்கும். அதனால் முன்பெல்லாம் ஆண்டில் சில மாதங்கள் வெளியுலகத்தோடு தொடர்பே இருக்காது. வேண்டியதை எல்லாம் இங்கேயே விளைவிக்க வேண்டியிருந்தது. சரிவுகளில் சின்னச் சின்னத் துண்டு வயல்களில் ரை தானியம். ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்குச் சில முறை மட்டும் ரொட்டி சுட்டு, களஞ்சியத்தில் அடுக்கிவைத்து மாதக்கணக்கில் உண்பார்கள். கோடையில் மாடுகளோடு மேலே புல்வெளிக்குப் போய்ப் பாலைப் பாலாடைக்கட்டியாக்கிக் கீழே கொண்டுவருவார்கள். சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்ததால் ஒரு தொழுவத்தில் நால்வருக்குப் பங்கு இருப்பதெல்லாம் இந்தப் பக்கத்தில் சாதாரணம். யாரும் தனியாகப் பிழைக்க முடியாத நிலம் இது.

அமெரிக்கப் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ் 1931, 1932 ஆண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தவருக்குச் சொத்தைப் பல் காண்பதே அரிதாக இருந்தது. ரை ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் காரணம் என்று முடிவு கட்டி, 1939இல் வெளியான தன் நூலில் இந்த மக்களை வியந்து எழுதினார். மருத்துவரும் சிறையும் தேவைப்படாத ஊர்கள் என்ற சித்திரம் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. என் பார்வையில் பிரைஸ் கண்டது பாதிதான். அதே பள்ளத்தாக்கிலிருந்து இளைஞர்கள் முற்காலத்தில் கூலிப்படை வீரர்களாகவும், பின்னர் வத்திக்கானில் போப்பின் காவலர்களாகவும் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பசியில்லாத ஊரிலிருந்து யாரும் அப்படிப் போவதில்லை.

பிப்ரவரி மாதம் இந்தப் பள்ளத்தாக்குக்கே உரியது. நோன்புக் காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் ‘செக்கெட்டா’ உருவங்கள் தெருவில் இறங்கும். பைன் மரத்தில் செதுக்கிய கோரமான முகமூடி, உடம்பெல்லாம் ஆட்டுத்தோல், இடுப்பில் கனத்த மாட்டு மணி. முன்பு மணமாகாத ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்த வேடம் இது. கையில் அகப்பட்டவர் முகத்தில் பனியைத் தேய்த்துவிட்டு ஓடுவார்கள். பிற்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் ஊர்வலமாகவும் மாறியது. ஆனாலும் முகமூடி செதுக்குவது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த கைவேலையாகவே நீடித்தது.

பள்ளத்தாக்கின் கதவைத் திறந்தது ரயில். 14.6 கிலோமீட்டர் நீளமுள்ள லோட்ஷ்பெர்க் சுரங்கப்பாதை 1913இல் திறக்கப்பட்டது. எளிதில் கிடைத்த வழியல்ல அது. 1908 ஜூலையில் சுரங்கம் எதிர்பாராமல் ஆற்று வண்டல் நிரம்பிய பகுதிக்குள் உடைத்துக்கொண்டு போனதில், உள்ளே வேலை செய்த 25 தொழிலாளர்கள் மூழ்கிப் போனார்கள். சுரங்கத்தின் தென்வாசல் கோப்பென்ஸ்டைன், லோட்ஷென்டாலின் வாசலிலேயே அமைந்தது. அங்கிருந்து சாலை மெல்ல மெல்ல மேலேறி ஊர் ஊராகத் தொட்டது.

இதற்கு முன்பே, 1897இல், லோன்சா ஆற்றின் நீர்மின்சாரத்தை நம்பிக் கீழே கம்பல் என்ற ஊரில் ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தது. ஆற்றின் பெயரையே அது வைத்துக்கொண்டது. பின்னாளில் விஸ்ப் நகரில் பெரிய வேதியியல் ஆலையாக வளர்ந்து, கொரோனா காலத்தில் மாடர்னா தடுப்பூசியின் மூலப்பொருளைத் தயாரித்ததும் அதே லோன்சாதான். இருபதாம் நூற்றாண்டில் மேல் வாலேயின் ஆண்கள் பலர் பகலில் ஆலையிலும் மாலையில் மாட்டுத் தொழுவத்திலுமாக வாழ்ந்தார்கள். ரை வயல்கள் புல்வெளியாயின. களஞ்சியங்கள் காலியாயின, ஆனால் இடிக்கப்படவில்லை. 2001இல் யுங்ஃபிராவ்–அலெட்ச் மலைப்பகுதி யுனெஸ்கோ உலக மரபிடமானபின் விடுதிகளும் மலையேறிகளும் கூடினார்கள். ஆலைச் சம்பளமும் சுற்றுலா வருமானமும் சேர்ந்து ஊரைக் காலியாகாமல் காத்தன என்றே சொல்ல வேண்டும்.

இனி பிர்ச் பனியாற்றுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் தங்கள் கொள்ளளவில் சுமார் 10 விழுக்காட்டை இழந்தன. எல்லாம் பின்வாங்கிக்கொண்டிருக்க, பிர்ச் மட்டும் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நல்ல செய்திபோலத் தோன்றும். அதுதான் இல்லை. மேலே நெஸ்ட்ஹார்ன் மலையின் பாறைகள் உடைந்து உடைந்து பனியாற்றின் முதுகில் விழுந்துகொண்டிருந்தன. அந்தப் பாரம்தான் அதைக் கீழே தள்ளியது. உயர்ந்த மலைகளில் பாறை இடுக்குகளில் ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் பனி, பாறையோடு பாறையை ஒட்டிவைக்கும் காரை போன்றது. வெப்பம் கூடக் கூட அது இளகுகிறது. இந்தச் சரிவில் வெப்பமாதலின் பங்கு எவ்வளவு, மலையின் இயல்பான சிதைவின் பங்கு எவ்வளவு என்பதை ஆய்வாளர்கள் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

பனிச்சரிவு அபாயம் கருதி 1990களிலிருந்தே அந்தப் பனியாறு கண்காணிப்பில் இருந்தது. 2025 மே நடுவில் பாறைச்சரிவு தீவிரமானதும் மே 19 அன்று ஊர் முழுவதையும் வெளியேற்றினார்கள். மாடுகள்கூடக் கீழே இறங்கின, அடிபட்ட பசு ஹெலிகாப்டரில் தொங்கியபடி போனது. சில நாளில் திரும்பிவிடலாம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் பலர். மே 28 பிற்பகல் மூன்றரை மணி நெருங்கும்போது பனியாறு மொத்தமாக அறுந்து விழுந்தது. பல மில்லியன் கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் சேறும் பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்ச் சரிவில் ஏறி நின்றன. ஊரின் ஏறத்தாழ 90 விழுக்காடு புதைந்தது. லோன்சா ஆறு அடைபட்டு ஏரியாகி, தப்பி நின்ற வீடுகளையும் விழுங்கியது. வெளியேற்றப்பட்ட பகுதிக்கு அப்பால் இருந்த ஒருவர் இறந்துபோனார். முந்நூறு பேர் உயிர் பிழைத்ததற்குக் கருவிகளும், அவற்றை நம்பித் தயங்காமல் முடிவெடுத்த அதிகாரிகளும், சொன்ன பேச்சைக் கேட்ட ஊராரும்தான் காரணம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பாதுகாப்பான இடம் என்று முன்னோர் கணித்த கணக்கு பொய்யாகவில்லை. அவர்கள் கணித்த மலைதான் இப்போது இல்லை.

இழப்பு சுமார் 32 கோடி பிராங்க் என்று காப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பிட்டன. நடுவண் நாடாளுமன்றம் உடனடி உதவியாக 50 லட்சம் பிராங்க் ஒதுக்கியது. புதைந்த ஊருக்கு அருகிலேயே புதிய பிளாட்டனை எழுப்பி, இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் குடியேற வேண்டும் என்று ஊராட்சி திட்டமிட்டிருக்கிறது. இவ்வளவு செலவழித்து மலையூர்களை எதற்குக் கட்டிக்காக்க வேண்டும், காலிசெய்துவிட்டால் என்ன என்று சமவெளி நகரங்களிலிருந்து கேள்வியும் எழுந்தது.

எனக்கு அந்தக் கேள்வியில் நியாயம் தெரியவில்லை. மேலே புல்வெளியை மேய்த்து, காட்டைப் பேணி, ஓடைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்வரைதான் கீழே சாலையும் ரயிலும் மின்நிலையமும் நிம்மதியாக இயங்கும். ஆபத்தான இடத்திலேயே மறுபடி கட்டு என்று யாரும் சொல்லவில்லை. மலை தாங்கும் இடம் எது என்று அளந்து சொல்லும் அறிவு இன்று இருக்கிறது. அந்த இடத்தில் ஊராரை மீண்டும் குடியேற்றுவது செல்வந்த நாடான சுவிட்சர்லாந்தின் கடமை.

சுவிட்சர்லாந்துக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடிபாட்டை வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், ஆனால் லோட்ஷென்டாலுக்குப் போங்கள். கோப்பென்ஸ்டைன் நிலையத்தில் இறங்கினால் பேருந்து இருக்கிறது. கிப்பல் ஊரின் அருங்காட்சியகத்தில் முகமூடிகளைப் பாருங்கள். ஓரிரவு அங்கோ வீலரிலோ தங்குங்கள். பள்ளத்தாக்கின் மற்ற மூன்று ஊர்களும் அங்கேதான் இருக்கின்றன, அவற்றின் பிழைப்பு வருகிற விருந்தினரை நம்பித்தான் ஓடுகிறது.