எரியாத இரும்புக்கு எதற்குப் பெயின்ட்?

போன மாசம் குமாரபாளையம் போயிருந்தேன். மாமா புதுசாக ஆட்டோலூம் ஷெட் போட்டுக்கொண்டிருக்கிறார். இரும்புத் தூண், இரும்பு பீம், மேலே தகர ஷீட். ஒரு ஓரத்தில் மட்டும் பீம் போட்டு ஒரு மேல்தளம். நூலும் துணி பேலும் அடுக்கிவைக்க. அதற்குக் கீழேயே எட்டுத் தறி, ராப்பகலாக ஆள் நிற்கும் இடம். கொட்டேஷனில் 'தீத்தாங்கும் பெயின்ட்' என்று ஒரு வரி இருந்தது. அதைக் காட்டிக் கேட்டார்: "ஏன் மாப்ள, இரும்பு எரியுமா? எரியாத சாமானுக்கு எதுக்கு இத்தனை ரூவாயில பெயின்ட்டு?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து படித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

இரும்பு எரியாது. கட்டடத் தீயில் உருகவும் செய்யாது. உருக்கு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆனால் கொல்லுப் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இரும்பை யாரும் உருக்குவதில்லை. பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால் தட்டி, வேண்டிய பக்கம் வளைத்துவிடுகிறார்கள். தீயில் மாட்டிய பீமுக்கும் இதுதான் நடக்கிறது. சுத்தியலுக்குப் பதில் மேலே இருக்கும் பாரம்.

எவ்வளவு இளகும் என்பதற்கு நம் ஊர் எஞ்சினியர்கள் கையாளும் ஐ.எஸ். 800 (2007) விதிநூலிலேயே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 215 டிகிரி வரை பலம் குறைவதாகக் கொள்ள வேண்டாம். அதற்கு மேல், 905-இல் இருந்து வெப்பநிலையைக் கழித்து 690-ஆல் வகுத்தால், மிச்சமிருக்கும் பலத்தின் பங்கு கிடைக்கும். 560 டிகிரியில் சரியாகப் பாதி. சோதனைக்கூடங்களில் வைக்கும் தரப்படுத்திய தீயில், ஐந்தே நிமிடத்தில் உலைக்குள் 576 டிகிரி ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் 945.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் தெரியும். தன் தாங்குதிறனில் பாதி பாரம் சுமக்கும் பீம் 560 டிகிரியில் விழும். 70 சதவீதம் சுமப்பது சுமார் 420 டிகிரியிலேயே விழுந்துவிடும். வெறும் தகரக் கூரையைத் தாங்கும் பீமுக்குச் சாதாரண நாளில் பெரிய வேலை இல்லை. பேல் அடுக்கிய மேல்தளத்தைத் தாங்கும் பீம் எந்நேரமும் சுமந்துகொண்டே நிற்கிறது. இது போக, சூடான இரும்பு நீளும். பத்து மீட்டர் பீம் 500 டிகிரி சூடேறினால் ஆறு சென்டிமீட்டர். அந்த நீளத்துக்குத் தூணையோ சுவரையோ நெட்டித் தள்ளும்.

காற்று 576 டிகிரி ஆனவுடன் இரும்பும் அப்படி ஆகிவிடாது. மெல்லிய தோசைக்கல் சட்டென்று காயும், கனமானது நேரமெடுக்கும் இல்லையா, அதேதான். தீ படும் மேற்பரப்பு அதிகமாகவும் இரும்பின் கனம் குறைவாகவும் இருந்தால் சீக்கிரம் சூடாகும். பூச்சில்லாத சாதாரண பீம் கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். இன்றைய ரெடிமேட் ஷெட்களில் செலவைக் குறைக்கத் தகட்டை முடிந்தவரை மெலிசாக்குகிறார்கள். பலத்துக்கு அது போதும். தீக்கு அது மெல்லிய தோசைக்கல்.

2017 ஜனவரி 19. டெஹ்ரானில் பிளாஸ்கோ என்ற 17 மாடிக் கட்டடம். இரும்புச் சட்டம், மேல்மாடிகளில் தையல் பட்டறைகளும் துணி ஸ்டாக்கும். இரும்புக்குத் தீப்பாதுகாப்பு இல்லை. தீப்பிடித்து நான்கு மணி நேரத்துக்குள் மொத்தமாகச் சரிந்தது. உள்ளே போயிருந்த 16 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதே வருடம் மே 31-இல் தி.நகர் சென்னை சில்க்ஸ் எரிந்ததை டிவியில் பார்த்திருப்போம். அது கான்கிரீட் கட்டடம். அங்கேயும் உள்ளே இருப்பது கம்பிதான். மேலே மூடிய கான்கிரீட் ஒரு தடித்த கோட்டு மாதிரி. மறுநாள் வரை எரிந்ததில் அதுவும் தாங்காமல் ஒரு பகுதி இடிந்தது.

தீப்பாதுகாப்பு வேலை செய்யுமா என்பதற்கு, யாரும் திட்டமிடாமலே நடந்த ஒரு சோதனை இருக்கிறது. மாட்ரிட் நகரின் விண்ட்சர் கோபுரத்தில் கீழிருந்து மேலாகத் தீப்பாதுகாப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. 2005 பிப்ரவரி 12 இரவு 21-ஆவது மாடியில் தீ. வேலை எட்டாத மேல்மாடிகளில் வெளிப்புற இரும்புத் தூண்கள் நொறுங்கி விழுந்தன. வேலை முடிந்த கீழ்மாடிகளும் எரிந்தன, ஆனால் நின்றன.

சரி, அந்தப் பெயின்ட் என்னதான் செய்கிறது? தீபாவளிப் பாம்பு மாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். வேதியியல் வேறு, காட்சி கிட்டத்தட்ட அதேதான். பெயின்டில் மூன்று சரக்கு. 200 டிகிரியைத் தாண்டியதும் அம்மோனியம் பாலிபாஸ்பேட் அமிலமாக மாறும். அந்த அமிலம் பென்டாஎரித்ரிட்டாலைக் கரியாக்கும். மெலமின் வாயுவைக் கக்கி அந்தக் கரியை உப்பவைக்கும். ஒரு மில்லிமீட்டர் பூச்சு சில சென்டிமீட்டர் கரி நுரையாகி இரும்பைப் போர்த்திக்கொள்ளும். தீயை அது அணைக்காது. உள்ளே சூடு போகும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கிடைப்பது நேரம்.

'இரண்டு மணி நேரம்' என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பி வாங்குவதில்தான் சிக்கல். அந்த நேரம் பெயின்டுக்கு மட்டும் உரியதில்லை. எந்தக் கனமுள்ள இரும்பில், எத்தனை மைக்ரான் தடிமனில் என்பதையும் சேர்த்துத்தான். மெலிந்த பீமுக்குப் பூச்சு தடிமனாக வேண்டும். சாதாரண எனாமல் ஒரு கோட் காய்ந்தால் 30, 40 மைக்ரான். இங்கே பல நூறு மைக்ரான், சில சமயம் ஆயிரக்கணக்கில். நம் ஊரில் பெயின்டர் "ரெண்டு கோட்டு அடிச்சாச்சுங்க" என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. கேஜ் வைத்து அளந்து காட்ட வேண்டும். அடியில் போடும் ப்ரைமரும் பெயின்ட் கம்பெனி ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் மொத்தமாக உரிந்து விழும். இன்னொன்று, மரத்தில் தீ பரவாமல் இருக்க அடிக்கும் பெயின்ட் வேறு சாமான். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லித் தருகிறார்கள், கவனம்.

மாமாவுக்கு நான் சொன்னது இதுதான். ஒற்றைத் தளம், நாலு பக்கமும் வாசல் இருக்கும் ஷெட் முழுவதற்கும் இந்தப் பெயின்ட் தேவையில்லை. அந்தக் காசில் ஒயரிங்கை ஒழுங்காகச் செய்யுங்கள், பீம் மேல் படியும் பஞ்சை வாரா வாரம் அடியுங்கள். மேல்தளத்தைத் தாங்கும் தூணையும் பீமையும் மட்டும் விடாதீர்கள். தூண்களுக்குப் பெயின்ட் கூட வேண்டாம், வலை சுற்றிக் கான்கிரீட் போட்டு மூடலாம். தள்ளுவண்டி இடித்தாலும் பெயர்ந்து வராது. பீமுக்குப் பெயின்ட்.

நேற்று போன் பண்ணினார். தூண் வேலை முடிந்ததாம், பீமுக்கும் பெயின்ட் அடித்தாயிற்றாம். அதற்கப்புறம் எலக்ட்ரீஷியன் வந்து ஒயர் பைப்புக்காகப் பூச்சைச் சுரண்டிவிட்டு ஆறு இடத்தில் கிளாம்ப் வெல்டிங் வைத்திருக்கிறார். "அந்த ஆறு எடத்துக்கும் மறுபடி அடிக்கோணுமா மாப்ள?" என்றார். ஆமாம் மாமா, அடிக்கோணும். அடித்துவிட்டு அளக்கவும் வேண்டும்.